இரண்டு பத்திரிகை, ஒரு மாப்பிள்ளை

என் கல்யாணத்துக்கு நான் இரண்டு விதமாகப் பத்திரிகை அடித்தேன். ஒன்றில் நான் எம்.ஏ. இன்னொன்றில் எனக்குப் படிப்பே கிடையாது. இரண்டும் ஒரே பெண்ணோடு, ஒரே மண்டபத்தில், ஒரே முகூர்த்தத்தில் நடந்த ஒரே கல்யாணத்துக்குத்தான். இதை எழுதலாமா என்று வீட்டில் கேட்டேன். "ஊருக்கே தெரிஞ்ச கூத்துதான, எழுதுங்க. இனிமே போறதுக்கு இன்னா கீது" என்று அனுமதி கிடைத்தது.

நடந்தது இரண்டாயிரமாவது வருஷம், சித்திரை மாதக் கடைசியில். சிங்கப்பெருமாள் கோயிலுக்குப் பக்கத்துத் தொழிற்பேட்டையில் ஆரம்பித்து, மறுநாள் சாயங்காலம் மாமல்லபுரத்தில் முடிந்தது. அப்போது ஏற்பட்ட குழப்பம் எனக்கு இன்னும் முழுசாகத் தெளியவில்லை.

கொஞ்சம் முன்கதை சொல்ல வேண்டும். நான் அச்சரப்பாக்கத்திலிருந்து உள்ளே போகிற ஒரு கிராமத்துக்காரன். அப்பா நெல் மண்டியில் எடை போடுகிறவர். எங்கள் தெருவில் முதல் எம்.ஏ. நான்தான். பாடம் பொருளாதாரம். செங்கல்பட்டில் படித்தேன். கடைசிப் பரீட்சையில் 'படித்தவர்களிடையே வேலையின்மைக்கான காரணங்களை விவரி' என்று ஒரு பெரிய கேள்வி வந்தது. அடிஷனல் ஷீட் வாங்கி எட்டுக் காரணம் எழுதினேன். நல்ல மார்க்தான் போட்டிருப்பார்கள். அதற்கப்புறம் மூன்று வருஷம் அந்த எட்டுக்கும் உதாரணமாக நானே ஊரில் சுற்றிக்கொண்டிருந்தேன்.

எம்ப்ளாய்மெண்ட் ஆபீஸில் பதிந்து வைத்திருந்தேன். மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை போய்ப் புதுப்பிக்க வேண்டும். போன இடத்தில் என் வாத்தியார் ஒருவரின் மகனும் வரிசையில் நின்றான். அவன் எனக்கு ஏழு வருஷம் சீனியர். அதைப் பார்த்ததும் எனக்கு ஒரு மாதிரி நிம்மதியாகவே இருந்தது. நம் முறை வருவதற்கு அவசரமே இல்லை என்று புரிந்துவிட்டது.

அந்த வருஷங்களில்தான் ஜி.எஸ்.டி. ரோடு ஓரமாக வயல் எல்லாம் காம்பவுண்டுச் சுவராகிக்கொண்டிருந்தது. வேலை இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. தினம் ஒரு கம்பெனி வாசலில் ஆள் தேவை போர்டு தொங்கும். நானும் சர்ட்டிபிகேட் பையோடு ஒவ்வொரு கேட்டாக ஏறி இறங்கினேன். எம்.ஏ. என்று சொன்னதுமே செக்யூரிட்டி என்னைப் பாவமாகப் பார்த்து, உள்ளே எல்லாம் மெஷின்தான் சார் இருக்கிறது என்பார். 'சார்' என்று சொல்லித் திருப்பி அனுப்புவார்கள், அது ஒன்றுதான் படிப்புக்குக் கிடைத்த மரியாதை. ஓர் இடத்தில் மட்டும் உள்ளே கூப்பிட்டுக் காரணம் சொன்னார்கள். டிகிரிக்காரன் ஆறு மாசத்தில் பேங்க் பரீட்சை எழுதிவிட்டுப் போய்விடுவானாம். போகாவிட்டால் இன்னும் மோசமாம், சட்டம் பேசுவானாம். சுற்றுவட்டாரத்துப் பையன்களையும் எடுக்க மாட்டார்கள். நிலம் கொடுத்த ஊர்க்காரன் கேட்டுக்கு முன்னால் உட்கார்ந்துவிடுவான் என்று பயம்.

ஆக, படித்தவனுக்குப் படித்ததால் வேலை இல்லை, பக்கத்தில் இருக்கிறவனுக்குப் பக்கத்தில் இருப்பதால் வேலை இல்லை. நான் எழுதிய எட்டுக் காரணத்தில் இந்த இரண்டும் கிடையாது.

காலேஜில் என்னோடு விளையாடிக்கொண்டிருந்த பி.எஸ்ஸி. நண்பன் ஒருவன் அப்போது கார்களுக்கு ரப்பர் சாமான் செய்கிற கம்பெனி ஒன்றில் சேர்ந்திருந்தான். செங்கல்பட்டு ரயிலடியில் பார்த்தபோது என் பையைத் தூக்கிப் பார்த்துச் சிரித்தான்.

"மச்சான், இத்தினி கனத்த தூக்கிகினு போனா எவன்டா வேல குடுப்பான்? எம்.ஏ.வ வூட்ல வெச்சிட்டு வா. பத்தாவது மார்க் ஷீட் மட்டும் போதும். இத்தினி வருசம் இன்னா பண்ணன்னு கேட்டா மாடு மேய்ச்சேன்னு சொல்லு."

மாட்டைக் கண்டால் நான் ஒதுங்கிப் போகிறவன். அதனால் மண்டியில் மூட்டை தூக்கினேன் என்று மாற்றிக்கொண்டேன்.

அந்தக் கம்பெனியில் ஆள் எடுப்பதற்குப் பர்சனல் மேனேஜர் என்று ஒருவர். நடுத்தர வயது, அதிர்ந்து பேசாதவர். என் ஊரைக் கேட்டார். அச்சரப்பாக்கம் என்றதும், அவ்வளவு தூரமா, நல்லது என்றார். பிறகு ஓர் அட்டைப்பெட்டியைக் காட்டி, அதில் அச்சடித்திருந்த இங்கிலீஷைப் படிக்கச் சொன்னார். 'திஸ் சைடு அப்' என்று போட்டு, மேலே பார்த்து ஓர் அம்புக்குறி இருந்தது. பத்தாவது படித்தவன் அதை எப்படிப் படிப்பான் என்று எனக்குத் தெரியவில்லை. எம்.ஏ.வில் சொல்லிக்கொடுக்காத பாடம். நெற்றியைச் சுருக்கி, விரலை வைத்து, "தி... இஸ்... சீடு..." என்று எழுத்து எழுத்தாக மூச்சு வாங்கிப் படித்தேன். கடைசி வார்த்தைக்கு வரும்போது எனக்கே என்மேல் இரக்கம் வந்துவிட்டது. அவர் என்னை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, படிப்பு பத்தாவது என்று ஒரு ஃபாரத்தில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு, திங்கட்கிழமையிலிருந்து வா என்றார்.

பேக்கிங் செக்ஷன். தொண்ணூற்றேழிலிருந்து பெட்டி கட்டினேன். வேலை கெட்ட வேலை இல்லை. கஷ்டம் என்னவென்றால், எட்டு மணி நேரமும் படிக்காதவனாக இருக்க வேண்டும். டீ இடைவேளையில் யாராவது இங்கிலீஷ் பேப்பரில் வடை மடித்து வந்தால் கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொள்வேன். கையெழுத்துகூடத் தமிழில் மாற்றினேன். எம்.ஏ. பாஸான புதிதில், கையெழுத்துக்குப் பின்னால் ஒரு கமா போட்டு எம்.ஏ. என்று சேர்த்துப் போட ஒரு நோட்டு முழுக்கப் பழகியிருந்தேன். அதை மறப்பதற்கு இன்னொரு நோட்டு செலவானது.

இப்படி இருக்கும்போதுதான் மாமல்லபுரத்துச் சம்பந்தம் வந்தது. பெண்ணுக்கு அப்பா இல்லை. தாய்மாமன்தான் வளர்த்துப் படிக்கவைத்தார். அவர் அங்கே வெள்ளைக்காரர்களுக்கு ரதங்களைச் சுற்றிக் காட்டும் கைடு. படிப்பு எட்டாவது. பேசுவது இங்கிலீஷ், பிரெஞ்சு, கொஞ்சம் ஜெர்மன், கூடவே நம்ம தமிழ். பெண் பி.காம். முடித்து, வெளிநாட்டுக்காரர்கள் மெயில் பார்க்க வரும் ஒரு பிரவுசிங் சென்டரில் இருந்தாள்.

பெண் பார்க்கப் போன இடத்தில், பையன் கம்பெனியில் எதில் இருக்கிறான் என்று கேட்டார்கள். "பேக்கிங் செக்ஷன்" என்று அப்பா சரியாகத்தான் சொன்னார். பின்னால் காபி தட்டோடு நின்ற ஓர் அம்மா, "பேங்கிங் செக்ஷனாம்" என்று உள்ளே அஞ்சல் செய்தார். எம்.ஏ. எக்கனாமிக்ஸ், பேங்கிங் செக்ஷன். எவ்வளவு பொருத்தமாக இருக்கிறது பாருங்கள். கூடம் முழுக்கத் தலை ஆடியது. நான் வாயைத் திறந்து ஓர் எழுத்தைத் திருத்தியிருக்கலாம். கேசரியைப் போட்டு வாயை அடைத்துக்கொண்டேன்.

கல்யாணம் வைகாசியில் என்று நிச்சயமானது. எங்கள் பக்கம் கல்யாணச் செலவும் பத்திரிகையும் மாப்பிள்ளை வீட்டுப் பொறுப்பு. பெண் வீட்டுச் சொந்தங்களுக்குக் கொடுக்கவும் நாங்களே ஒரு கட்டு கொண்டுபோய் வைக்க வேண்டும். அவர்கள் பக்கத்தில் பேருக்குப் பின்னால் எம்.ஏ. கட்டாயம் வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். இங்கே கம்பெனியிலோ, கல்யாண லீவு வேண்டுமென்றால் லீவு லெட்டரோடு பத்திரிகையையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். எம்.ஏ. போட்ட பத்திரிகை ஃபைலில் ஏறினால் அன்றோடு வேலை போகும். போடாத பத்திரிகை மாமல்லபுரத்தில் ஏறினால் பெண் போகும்.

இந்த இடத்தில்தான் என் மூளை வேலை செய்தது. செய்யாமல் இருந்திருக்கலாம்.

அச்சாபீஸில் போய் இரண்டு விதம் கேட்டேன். அச்சாபீஸ்காரர் கண்ணாடியைக் கழற்றினார். "இன்னா தம்பி, ரெண்டு பத்திரிக கேக்குற. பொண்ணும் ரெண்டா?" என்றார். கம்பெனிக்கு வேறு மாதிரி வேண்டும் என்று மழுப்பினேன். அவர் எம்.ஏ.வை எடுத்துவிட்டு புரூஃப் காட்டினார். என் பேர் மொட்டையாக இருந்தது. அதற்குக் கீழே அவள் பேருக்குப் பக்கத்தில் பி.காம். துருத்திக்கொண்டு நின்றது. பத்தாவது படித்த பேக்கிங் ஆளுக்கு பி.காம். பெண் எப்படிக் கிடைத்தாள் என்று கம்பெனியில் கேட்பார்களே. "அதையும் எடுத்துடுங்க" என்றேன். அரை நிமிஷம்கூட யோசிக்கவில்லை. அதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பெண் வீட்டுக்கு அறுபது, கம்பெனிக்கு அறுபது. கவர் எல்லாம் ஒரே நிறம். எது எது என்று தெரிவதற்கு ஓர் ஏற்பாடு செய்தேன். சொந்தங்களுக்குப் போகிற பத்திரிகைக்கு நாலு மூலையிலும் மஞ்சள் தடவுவது வழக்கம்தானே. எம்.ஏ. கட்டுக்கு மஞ்சள், கம்பெனிக் கட்டுக்கு மஞ்சள் கிடையாது. என்ன ஒரு திட்டம் என்று எனக்கு நானே முதுகில் தட்டிக்கொண்டு தூங்கினேன்.

கல்யாண வேலைக்காக அத்தை வந்து தங்கியிருந்தார். விடிகாலையில் எழுந்து பார்த்திருக்கிறார். ஒரு கட்டு மஞ்சள் இல்லாமல் வெறுமனே கிடக்கிறது. கல்யாணப் பத்திரிகை மஞ்சள் இல்லாமல் வாசல் தாண்டலாமா. பதறிப்போய் அறுபதுக்கும் ஒன்று விடாமல், கவருக்கும் கார்டுக்கும் சேர்த்து, மஞ்சளைக் குழைத்துத் தடவிவிட்டு, நல்ல காரியம் செய்த திருப்தியோடு குளிக்கப் போய்விட்டார்.

நான் எழுந்து பார்க்கும்போது ஒரு கட்டுத்தான் இருந்தது. அப்பா மற்றதை எடுத்துக்கொண்டு முதல் பஸ்ஸில் மாமல்லபுரம் போய்விட்டார். மிச்சமிருந்த கட்டில் மஞ்சள் இருந்ததைப் பார்த்தேன். பார்த்தும், அத்தை தடவியிருப்பார் என்று சரியாகவே யூகித்தும், ஒரு கவரைப் பிரித்து உள்ளே பார்க்கத் தோன்றவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று ஓடினேன்.

மேனேஜருக்கு வெற்றிலை பாக்கோடு லீவு லெட்டரும் பத்திரிகையும் வைத்தேன். அவர் வாழ்த்திவிட்டு மேஜைத் தட்டில் போட்டுக்கொண்டார். டீ நேரத்தில் செக்ஷனில் எல்லாருக்கும் கொடுத்தேன். நண்பன் கவரைப் பிரித்தான். படித்தான். என்னைப் பெட்டி அடுக்குக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனான்.

"டேய், இதுல எம்.ஏ.ன்னு கீது."

எனக்குக் காதுக்குள் மெஷின் சத்தம் நின்றுபோனது. அடுத்த கால் மணி நேரம் முகூர்த்த நேரம் தப்பாக அச்சாகிவிட்டது என்று சொல்லிச் சொல்லிக் கொடுத்ததை எல்லாம் திரும்ப வாங்கினேன். ஐம்பத்தொன்பது வந்துவிட்டது. யார் கண்ணிலும் படக் கூடாது என்ற பயத்தில் அத்தனையையும் அப்போதே பாய்லருக்குள் போட்டேன். அறுபதாவது மேனேஜர் தட்டில் கிடந்தது.

அன்று முழுக்கக் கூப்பிடவில்லை. சாயங்காலம் வீட்டுக்குப் போனால் அப்பா சந்தோஷமாக இருந்தார். மாமல்லபுரத்தில் பத்திரிகையைத் தட்டோடு வாங்கிச் சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிட்டார்களாம். யாரும் இன்னும் பிரிக்கவில்லை என்று எனக்குப் புரிந்தது.  அவரிடம் எங்கே ஆரம்பித்துச் சொல்வது என்று தெரியவில்லை.

மறுநாள் பதினொரு மணிக்கு மேனேஜர் அறைக்குக் கூப்பிட்டார்கள். உள்ளே போனால், அவருக்கு எதிர் நாற்காலியில், தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு பெண்ணின் மாமா உட்கார்ந்திருந்தார்.

காலையில் பத்திரிகையைப் பிரித்துப் பார்த்துவிட்டு நேரே கிளம்பி வந்திருக்கிறார். கேட்டில் போய் பேங்கிங் செக்ஷன் மாப்பிள்ளை என்று என் பேரைச் சொல்ல, செக்யூரிட்டி குழம்பி மேனேஜருக்குப் போன் செய்ய, அவர் உள்ளே அனுப்பச் சொல்லியிருக்கிறார். இதெல்லாம் பிறகு தெரிந்தது.

மேனேஜர் தன் தட்டிலிருந்த பத்திரிகையை எடுத்து மேஜைமேல் வைத்தார். மாமா கையிலிருந்ததை வாங்கிப் பக்கத்தில் வைத்தார். நாலு மூலையிலும் மஞ்சளோடு இரண்டும் மங்களகரமாக இருந்தன.

"இதுல எதுப்பா நீ?" என்றார்.

"ரெண்டும் நான்தான் சார்."

சத்தியமாக ஜோக்குக்காகச் சொல்லவில்லை. அந்த நேரத்தில் எனக்குத் தெரிந்த உண்மை அதுதான்.

"வெளையாடாத. எம்.ஏ.வா, இல்லையா? ஒரு பதில் சொல்லு."

ஆமாம் என்றால் வேலை போச்சு. இல்லை என்றால் எதிரில் உட்கார்ந்திருக்கிறவரோடு கல்யாணம் எழுந்து போய்விடும். இரண்டு பேரும் ஒரே அறையில் உட்கார்ந்திருக்கும்போது எந்தப் பதிலைச் சொல்வது.  மாமா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கண் என் சட்டைப் பையில் வந்து நின்றது. எங்கள் யூனிஃபாரத்தில் பைக்கு மேலே செக்ஷன் பேரை இங்கிலீஷில் தைத்திருப்பார்கள். அவர் உதடு அசைந்தது. பேக்கிங். மேனேஜரைப் பார்த்தார், திரும்ப என்னைப் பார்த்தார். படிப்பைச் சொன்னால் வேலை போகும் என்று புரிய எனக்கு மூன்று வருஷம் ஆனது, அவருக்கு மூன்று விநாடி.

"அது ஒண்ணும் இல்ல சார்" என்றார். "எம்.ஏ.ன்னு போட்டது நாங்கதான். மாப்ள படிச்சவருன்னு சொந்தத்துல சொல்லிக்கறதுக்கு ஒரு ஆச. அவரு வாணாம்னுதான் சொன்னாரு. அவரு மேல தப்பு இல்ல."

"அப்ப இவர் வெறும் பத்தாவதுதானா?"

"நான் எட்டாவது சார். என்னவிட ரெண்டு கிளாசு மேல. போதாதா?"

என் படிப்பு நிஜமா என்று பார்க்க வந்தவர், என் படிப்பு பொய் என்று சாட்சி சொல்லிக்கொண்டிருந்தார். மேனேஜர் பேனாவைத் திறந்து என்னிடம் நீட்டினார். பத்திரிகையில் எம்.ஏ.வை அடித்துப் பக்கத்தில் கையெழுத்துப் போடச் சொன்னார். ஃபைலில் அப்படித்தான் இருக்க வேண்டுமாம். அடித்தேன். ஒரே கோடு. கையெழுத்தைத் தமிழில் போட்டுவிட்டுக் கையை எடுக்கும்போது, பழைய பழக்கத்தில் பின்னால் ஒரு கமா விழுந்துவிட்டது. அதையும் அடித்தேன்.

அரை நாள் பர்மிஷன் வாங்கிக்கொண்டு மாமாவோடு வெளியே வந்தேன். கேட்டைத் தாண்டி டீக்கடைப் பக்கம் நடந்தோம். நான்தான் பேக்கிங், பேங்கிங் என்று உளறிக்கொண்டே போனேன். கேசரியைக்கூடச் சொன்னேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"உன் எம்.ஏ. கத எனக்கு வாணாம் மாப்ள. நெஜமோ பொய்யோ, வேலய காப்பாத்திக் குடுத்துட்டேன். எங்க பொண்ணோட பி.காம். எங்க போச்சு? அதுக்குத்தான் வந்தேன்."

 அவர் ஏன் வந்தார் என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. என் எம்.ஏ. இல்லாததை அவர் கவனித்தாரோ இல்லையோ, அவள் பி.காம். இல்லாததைக் கவனித்திருக்கிறார். அவள் காலேஜில் இருந்த மூன்று வருஷமும் சித்திரை வெயிலில் நின்று, ஒரே பாறையைக் காட்டி ஒரே கதையை ஒரு நாளைக்கு நாலு தடவை பிரெஞ்சில் சொல்லிப் படிக்கவைத்தது அது. நான் அச்சாபீஸ் காரணத்தைச் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே குரல் இறங்கிவிட்டது.

"உன்னுத நீ அடிச்சிக்கோ. அவுளுத அடிக்க நீ யாரு?"

 

முடிவு அவள் கையில்தான், நீயே வந்து சொல் என்று கூட்டிக்கொண்டு போனார். செங்கல்பட்டு வந்து, திருக்கழுக்குன்றம் வழியாகப் போகிற பஸ்ஸில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து போனோம். பாதி வழியில் எனக்குப் பொறுக்கவில்லை. சர்ட்டிபிகேட் வீட்டில் இருக்கிறது, பார்க்க வேண்டாமா மாமா என்று கேட்டேன்.

"பேப்பரப் பாத்து நான் இன்னா பண்ணப் போறேன்? நாலு பாஷ பேசிகினு கீறேன். எவன் என்னாண்ட பேப்பர் கேட்டான்?" என்றார். பிறகு ஜன்னல் பக்கம் சாய்ந்து தூங்கிவிட்டார்.

பிரவுசிங் சென்டரில் இரண்டு வெள்ளைக்காரர்கள் மெயில் அடித்துக்கொண்டிருந்தார்கள். அவள் கவுண்டரில் இருந்தாள். அதுவரை நாங்கள் தனியாக நாலு வார்த்தை பேசியதில்லை. முதல் தடவையாகப் பேசியதே ஒப்புதல் வாக்குமூலமாகப் போனது. பேங்கிங் இல்லை, பேக்கிங் என்றேன்.

"பேக்கிங்னா?"

"பெட்டி கட்டறது."

அவள் பத்திரிகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "உங்க எம்.ஏ. நெஜமா?" என்றாள். நிஜம் என்றேன். "அப்ப நெஜத்த அழிச்சிட்டு, பொய்ய வெச்சிகினு கீறீங்க" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை, கணக்கு சரிபார்க்கிற மாதிரி சொன்னாள். வெள்ளைக்காரர் ஒருவர் பிரிண்ட் கேட்க, எடுத்துக் கொடுத்துவிட்டு வந்தாள். நான் கவுண்டரில் கை வைத்துக்கொண்டு, பரீட்சை ரிசல்ட்டுக்கு நின்ற மாதிரி நின்றேன்.

மாமா வீட்டுக்குப் போய் அறுபதையும் கொண்டுவந்தார். அவள் நீலப் பேனாவை எடுத்து, முதல் பத்திரிகையில் தன் பேருக்குப் பக்கத்தில் பி.காம். என்று எழுதினாள். அடுத்தது. அடுத்தது. எழுதிக்கொண்டே, தலை நிமிராமல் சொன்னாள்.

"கல்யாணத்துக்கு அப்புறமும் நான் வேலைக்குப் போவேன். எந்த ஃபாரத்துலயும் என்னைப் பத்தாவதுன்னு எழுதச் சொல்லக் கூடாது."

தலையை ஆட்டினேன். அதுதான் சம்மதம் என்று புரிய எனக்கு இன்னும் பத்துப் பத்திரிகை ஆனது. தைரியம் வந்து, என்னுடையதற்குப் பக்கத்திலும் எழுதிவிடேன் என்றேன்.

"உங்களுத நீங்கதான எடுத்தீங்க. நீங்களே எழுதிக்கங்க."

பேனாவை வாங்கினேன். இருபது பத்திரிகையில் எம்.ஏ. எழுதினேன். அப்புறம் தொழிற்பேட்டைப் பக்கம் யாருக்காவது தெரிந்துவிடுமோ என்று பயம் வந்து நிறுத்திவிட்டேன். அதனால் மாமல்லபுரத்தில் இன்றைக்கும் இருபது வீட்டில் நான் எம்.ஏ., நாற்பது வீட்டில் இல்லை. அவள் அறுபது வீட்டிலும் பி.காம்.

கல்யாணம் நடந்தது. நான் பெட்டி கட்டினேன். நாலு வருஷம் கழித்து பேக்கிங் வேலையை ஒரு காண்ட்ராக்ட்காரரிடம் விட்டுவிட்டு எங்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். சிலர் சண்டை போட்டுக் கொஞ்சம் கூட வாங்கினார்கள். நானும் நண்பனும் வாய் திறக்கவில்லை. திறந்தால் படிப்பை மறைத்து நாங்கள் எழுதிக் கொடுத்த ஃபாரம் வெளியே வரும் என்று பயம். அதே சமயத்தில் நாவலூர் பக்கம் கண்ணாடிக் கட்டடங்கள் எழும்பி, அங்கே ஓர் ஆபீஸில் அவளுக்கு அக்கவுண்ட்ஸ் வேலை கிடைத்தது. எந்த டிகிரியானாலும் போதும் என்று போர்டு போட்டிருந்தார்களே என்று நானும் என் எம்.ஏ.வைத் தூசி தட்டிக்கொண்டு போனேன். அனுபவம் கேட்டார்கள். இருந்த அனுபவச் சர்ட்டிபிகேட்டில் பத்தாவது என்று இருந்தது. அனுபவம் இருக்கிற ஆள் பத்தாவது, எம்.ஏ. ஆளுக்கு அனுபவம் இல்லை. இரண்டும் நான்தான் என்று மறுபடியும் சொல்ல எனக்குத் துணிச்சல் வரவில்லை. பிறகு ஒரு குடோனில் சேர்ந்தேன். இப்போதும் அங்கேதான். காலையில் அவளுக்குச் சாப்பாடு கட்டிக் கொடுக்கிறேன், அதுவும் பேக்கிங்தான்.

இதெல்லாம் முடிந்து சில வருஷம் கழித்து, சிங்கப்பெருமாள் கோயிலில் ஒரு டிபன் கடையில் அந்த மேனேஜரைப் பார்த்தேன். அவரையும் கம்பெனி முன்கூட்டியே வீட்டுக்கு அனுப்பியிருந்தது. எதிரில் உட்காரச் சொன்னார். காபி வந்ததும் கேட்டுவிட்டேன். அன்றைக்கு மாமா சொன்னதை நம்பினீர்களா சார் என்று.

"நீ சேர வந்த அன்னிக்கே தெரியும்" என்றார். "பத்தாவது பெயிலானவன்கூட அந்தப் பெட்டிய கடகடன்னு படிச்சிடுவான். நீ ஒருத்தன்தான் அவ்ளோ கஷ்டப்பட்டுத் தப்பா படிச்ச. அந்த அளவுக்குத் தப்பா படிக்கணும்னா நல்லா படிச்சிருக்கணும்."

அப்படியானால் ஏன் எடுத்தீர்கள் என்றேன். அவர் மறைக்கவில்லை. எங்கள் செக்ஷனில் பாதிக்குப் பாதி என்னைப் போல ஒளிந்திருந்த டிகிரிக்காரர்கள்தானாம். மாட்டிக்கொள்வோம் என்று பயந்துகொண்டே இருக்கிறவன் ஒழுங்காக வருவான், சத்தம் போட மாட்டான், அனுப்ப வேண்டும் என்றால் அந்த ஒரு ஃபாரம் போதும். கம்பெனி அதைத்தான் விரும்பியது, நான் சம்பளம் வாங்கினேன், செய்தேன் என்றார். அன்றைக்கு உன் மாமா மாதிரி எனக்காக யாராவது ஒரு பொய் சொல்லியிருந்தால் நானும் இன்னும் கொஞ்ச நாள் இருந்திருப்பேன் என்றும் சொன்னார்.

அவர் என்னைக் காப்பாற்றினாரா, கட்டிப் போட்டாரா என்று எனக்கு இப்போதும் பிடிபடவில்லை. நான் படித்த பொருளாதாரத்தில் இதற்கு ஒரு பேர் இருக்கலாம், மறந்துவிட்டது. எட்டாவது படித்த ஒரு மனிதர் தன் வீட்டுப் பெண்ணின் மூன்று எழுத்துக்காக வெயிலில் கிளம்பி வந்தார் என்பதும், வந்த இடத்தில் என் மூன்று எழுத்தைப் பொய்யாக்கி எனக்குச் சோறு மிச்சம் வைத்தார் என்பதும் மட்டும்தான் எனக்குத் தெளிவாகத் தெரிந்தவை. இன்றைக்கும் எந்த ஃபாரத்தில் 'படிப்பு' என்ற கட்டம் வந்தாலும் என் பேனா கொஞ்ச நேரம் அந்தரத்தில் நிற்கிறது.

காபியைக் குடித்துவிட்டு மேனேஜர் எழுந்தார். நாலு அடி போனவர் திரும்பி வந்து, ரொம்ப நாளாக மனசில் வைத்திருந்த மாதிரி சொன்னார்:

"மத்ததெல்லாம் சரிப்பா. பேக்கிங்ல மூணு வருஷம் இருந்தவன் கட்ட மாத்திக் குடுக்கலாமா?"